சில நாள் பற்றும், சில நாள் பற்றாது: 1966 எம்ஜிபி ஒன்றைச் சரிசெய்த பதிவு

கடந்த மழைக்காலம் முழுவதும் என்னை அலைக்கழித்த கார் இப்போது சாவியைத் திருப்பியதும் பற்றுகிறது. நிற்கும் இடத்தில் நிமிடத்துக்கு 750 சுற்றில் சீராக ஓடுகிறது. இந்த நிலைக்கு வந்து சேர்வதற்குள் செய்தவற்றை, அளந்த எண்களோடும் ஆன செலவோடும் வரிசையாக எழுதி வைக்கிறேன். இந்தக் காலத்து இங்கிலாந்து வண்டிகளை இன்னும் ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் குமரி மாவட்டத்தில் மிகச் சிலர்தான். அவர்களுள் ஒருவருக்காவது இது ஒரு வாரத்து வேலையை மிச்சப்படுத்தும் என்று நம்புகிறேன்.

வண்டி 1966ஆம் ஆண்டின் எம்ஜிபி. மேல்துணியை மடக்கிவிட்டு ஓட்டக்கூடிய, இரண்டு இருக்கைகள் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார். இங்கிலாந்தின் ஆபிங்டன் தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை தயாரானது இந்த வகை. 1798 சிசி கொண்ட நான்கு சிலிண்டர் என்ஜின், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் இரட்டை எஸ்யூ எச்எஸ்4 கார்புரேட்டர், பிளக்குகளுக்குப் பொறியைப் பகிர்ந்து அனுப்பும் லூகாஸ் 25டி4 டிஸ்ட்ரிபியூட்டர், பின்சக்கரத்துக்கு முன்னால் வண்டியின் அடியில் தொங்கும் எஸ்யூ மின் பெட்ரோல் பம்ப் ஆகியவை இந்தப் பதிவுக்குத் தேவையான உறுப்புகள். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியில் எர்த் ஆகும். இதிலும் அப்படியே இருக்கிறது. குலசேகரம் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றின் மேலாளரிடமிருந்து என் மாமா வாங்கியது. மணவாளக்குறிச்சியில் கடலுக்கு மிக அருகில் உள்ள எங்கள் வீட்டு ஓட்டுக் கொட்டகையில் நிற்கிறது. ஜூனில் தென்மேற்குப் பருவமழை, அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை என இரண்டு மழையும் பெறுகிற மாவட்டம் இது. இரண்டுக்கும் நடுவில் உப்புக்காற்று. இந்தக் கோளாறுகளில் பாதிக்குக் காரணம் அந்த உப்புதான்.

அறிகுறிகள் இவை. சில நாள் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற சத்தத்தோடு செல்ஃப் நின்றுவிடும். சில நாள் செல்ஃப் நன்றாகச் சுற்றும், ஆனால் என்ஜின் பற்றாது. கால் மணி நேரம் விட்டுவிட்டுத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோலப் பற்றிக்கொள்ளும். பற்றிய பிறகு ஸ்லோவில், அதாவது ஆக்சிலேட்டரை அழுத்தாதபோது, ஒரே சீராக நிற்காமல் 500க்கும் 1000க்கும் இடையில் ஏறி இறங்கும்; சில சமயம் இருமிவிட்டு அணைந்தும் போகும். மார்த்தாண்டம் பாலத்துக்குக் கீழே நெரிசலில் அப்படி ஒரு மாலை நின்றுபோனபோது, பின்னால் நின்ற ஆட்டோ ஓட்டுநர்கள்தான் ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

முதலில் போன இடம் வழக்கமான ஒரு பட்டறை. அங்கே எல்லா அறிகுறிகளையும் ஒரே நோய் என்று எடுத்துக்கொண்டு பிளக், டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட், அதன் கண்டென்சர், பொறிக்கான உயர் மின்னழுத்தத்தைத் தரும் காயில் ஆகிய நான்கையும் மாற்றினார்கள். ₹4,600 ஆயிற்று. சில நாட்கள் வண்டி நன்றாக ஓடியது. பிறகு பழைய கதை. மாற்றிய காயிலிலும் ஒரு குறை சேர்ந்திருந்தது. புதிய காயில்களில் ப்ளஸ், மைனஸ் என்று முனைகள் குறிக்கப்பட்டிருக்கும். பாசிட்டிவ் எர்த் வண்டியில் ப்ளஸ் முனை டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போக வேண்டும், மைனஸ் முனை சாவிச் சுவிட்சுக்குப் போக வேண்டும். பழக்கத்தின்படி அதைத் தலைகீழாகக் கொடுத்திருந்தார்கள். அப்படிக் கொடுத்தாலும் வண்டி ஓடும், ஆனால் பிளக்கில் பொறி விழக் கூடுதல் மின்னழுத்தம் தேவைப்படும். கோளாறு இருக்கும் வண்டியில் அது இன்னொரு குழப்பம்.

அடுத்து நான் போனது தக்கலையில் வயரிங் வேலை செய்யும் அண்ணாச்சி ஒருவரிடம். வண்டியை அவர் கடை வாசலில் நிறுத்தியபோது அது சீராக ஓடிக்கொண்டிருந்தது. அவர் எதையும் தொடவில்லை. “தம்பி, இப்பம் இதுல பாக்கதுக்கு ஒண்ணும் இல்ல. நிக்குத நேரத்துல விளி, நான் வாறேன். வரமுடியலன்னா நான் சொல்லத நீ அளந்து எழுதி வை” என்றார். அவர் சொன்னபடி ஒரு நோட்டுப் புத்தகத்தை வண்டியிலேயே வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு முறை தொல்லை வரும்போதும் என்ஜின் சூடா குளிரா, மழையா வெயிலா, செல்ஃப் சுற்றியதா, சாவியைப் போட்டதும் பம்பின் சத்தம் கேட்டதா, சுற்றும்போது என்ஜின் சுற்றைக் காட்டும் டேக்கோமீட்டரின் முள் அசைந்ததா என்ற ஐந்து கேள்விகளுக்கு விடை எழுதினேன். இந்தப் பழுதில் செலவே இல்லாமல் அதிகம் பயன் தந்த கருவி அந்த நோட்டுதான். பத்துப் பன்னிரண்டு பதிவுகள் சேர்ந்ததும், இது ஒரு கோளாறு அன்று என்பது கண்ணுக்குத் தெரிந்தது. 'டக்' என்று நின்ற நாட்களெல்லாம் ஒரு கூட்டம். பம்ப் சத்தமே கேட்காத நாட்கள் இன்னொரு கூட்டம். பம்ப் வேலை செய்தும் டேக்கோமீட்டர் முள் செத்துக் கிடந்த நாட்கள் மூன்றாவது. ஸ்லோ ஏறி இறங்குவது மட்டும் எல்லா நாளும் இருந்தது.

செல்ஃபிலிருந்து தொடங்கினேன். செல்ஃப் சுற்றாத நாளில், செல்ஃபுக்கு மின்சாரம் விடும் சாலிநாய்டின் ரப்பர் மூடிக்குக் கீழே உள்ள பொத்தானைக் கையால் அழுத்தினாலும் அதே 'டக்'. ஆகவே சாவிச் சுவிட்சைக் குறை சொல்ல வழியில்லை. பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டியது. இந்த வண்டியில் முதலில் இருக்கைகளுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் இருந்தன. மாமா காலத்திலேயே ஒரே 12 வோல்ட் பேட்டரியாக மாற்றிவிட்டார்கள். மல்டிமீட்டரில் ஓம் வைத்து எர்த் இணைப்புகளைப் பார்த்தால் எல்லாம் 0.2 ஓம்; மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டாலும் அதே 0.2தான். செல்ஃப் 200 ஆம்பியர் இழுக்கும் இடத்தில் ஓமில் நூறில் ஒரு பங்கு தடை இருந்தாலே 2 வோல்ட் வீணாகிவிடும். அந்தத் தடை சாதாரண மீட்டரின் கண்ணுக்குத் தெரியாது. எனவே ஓமை விட்டுவிட்டு, செல்ஃப் இழுக்கும்போதே ஒவ்வொரு இணைப்புக்கும் குறுக்கே வோல்ட்டை அளக்க வேண்டும். என்ஜின் பற்றாமலிருக்கக் காயிலின் நடு வயரைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, மருமகனைச் சாவியருகே உட்கார வைத்து அளந்தேன். பேட்டரி முனைகளில் 10.4 வோல்ட். செல்ஃப் மோட்டாரின் முனைக்கும் அதன் உடலுக்கும் இடையில் 7.9 வோல்ட் மட்டுமே. மறைந்துபோன 2.5 வோல்ட்டில், வண்டியின் அடியில் பின்னாலிருந்து முன்னால் வரும் நீண்ட கேபிளிலும் சாலிநாய்டிலும் சேர்த்து 0.4, பேட்டரிக்கும் பாடிக்கும் இடையில் 0.1, பாடிக்கும் என்ஜினுக்கும் இடையில் மட்டும் 2.0 வோல்ட்.

இதை அளந்துகொண்டிருந்தபோது மருமகன், “மாமா, இந்தச் சோக் கம்பி சுடுது” என்றான். கையை வைத்துப் பார்த்தேன். டேஷ்போர்டிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் சோக் கேபிளின் உலோக உறை, அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரத்தின் கைப்பிடிபோல இருந்தது. என்ஜினுக்குப் போக வேண்டிய எர்த் மின்சாரம் தன் பாதை அடைபட்டதால், கிடைத்த உலோகத்தின் வழியாக ஓடியிருக்கிறது. பழைய வண்டியில் செல்ஃப் அடிக்கும்போது சோக் கேபிளோ ஆக்சிலேட்டர் கேபிளோ சுட்டால், வேறு எதையும் பார்க்கும் முன் என்ஜின் எர்த் பட்டையைப் பாருங்கள்.

அந்தப் பட்டை செம்புக் கம்பிகளைப் பின்னிச் செய்தது. மேலே பார்த்தால் கிரீஸ் படிந்து நன்றாகத்தான் இருந்தது. பாடிப் பக்கத்துப் போல்ட்டைக் கழற்றியதும், பட்டையின் கண்ணுக்கும் பாடிக்கும் நடுவில் பச்சை நிறப் பொடி உதிர்ந்தது. பின்னலைக் கையால் வளைத்தபோது உள்ளே பாதிக் கம்பிகள் முறிந்திருந்தன. காய்ந்த நாட்களில் மீதமிருந்த கம்பிகள் சமாளித்திருக்கின்றன. ஈரம் ஏறிய நாட்களில் முடியவில்லை. 25 சதுர மில்லிமீட்டர் பட்டை ஒன்றை வடசேரியில் ₹380க்குச் செய்துகொண்டேன். பாடியில் போல்ட் உட்காரும் இடத்தில் பெயிண்டை எமரிப் பேப்பரால் பளபளக்கும்வரை தேய்த்து, போல்ட்டை முறுக்கிய பிறகு மேலே வாசலின் பூசினேன். வாசலினை முறுக்குவதற்கு முன் பூசுவதைவிட, உலோகம் உலோகத்தோடு இறுகிய பின் வெளியே பூசுவது எனக்குச் சரியாகப்படுகிறது. நோக்கம் காற்றையும் உப்பையும் தடுப்பதுதான். மறுபடி அளந்தபோது பாடிக்கும் என்ஜினுக்கும் இடையில் 0.15 வோல்ட், செல்ஃபுக்குக் கிடைத்தது 9.5 வோல்ட். அன்றிலிருந்து 'டக்' இல்லை.

இரண்டாவது கூட்டம் பம்ப். சாவியைப் போட்டதும் எஸ்யூ பம்ப் 'டிக் டிக் டிக்' என்று வேகமாக அடித்து, கார்புரேட்டர் கிண்ணங்கள் நிறைந்ததும் மெதுவாகி நின்றுவிட வேண்டும். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் எங்கோ பெட்ரோல் ஒழுகுகிறது அல்லது டேங்கில் பெட்ரோல் இல்லை. அடிக்கவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை அல்லது பம்பின் உள்ளே இருக்கும் பாயிண்ட் ஒட்டவில்லை. ஒரு மழைநாள் காலையில் சத்தம் இல்லாதபோது டெஸ்ட் லாம்பைப் பம்பின் முனையில் வைத்தேன். விளக்கு பிரகாசமாக எரிந்தது. பம்பின் எர்த் வயரிலும் குறையில்லை. மரச் சுத்தியலின் பிடியால் பம்பின் உடலை லேசாகத் தட்டியதும் டிக் டிக் என்று அடிக்கத் தொடங்கியது. இந்தப் பம்பை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரிந்த சோதனை இது. சோதனையாக மட்டும் இதைக் கொள்ள வேண்டும், வைத்தியமாக அன்று.

பம்பைக் கழற்றும் முன் டேங்கிலிருந்து வரும் குழாயை அடைத்துவிட வேண்டும். கறுப்பு பேக்கலைட் மூடியை எடுத்தால் உள்ளே இரண்டு சிறு டங்ஸ்டன் பாயிண்ட்கள் இருக்கும். ஒன்றில் மேடும் மற்றதில் குழியுமாகக் கருகியிருந்தன. சுற்றிலும் வெள்ளை உப்புப் பொரிவு. மூடியின் விளிம்பை மூடியிருந்த ரப்பர் பட்டை வெடித்திருந்ததுதான் மூலக் காரணம். சக்கரம் வீசியடிக்கும் மழைத்தண்ணீர் நேராக அங்கேதான் விழுகிறது. 600 நம்பர் எமரிப் பேப்பரின் சிறு துண்டை மடித்து இரண்டு பாயிண்டுக்கும் நடுவில் இழுத்துச் சுத்தம் செய்து, ஸ்பிரிட்டில் நனைத்த அட்டையால் துடைத்தேன். தற்காலிகமாக ஓடியது. பிறகு இங்கிலாந்திலிருந்து வரும் பொருட்களோடு புதிய பாயிண்ட் செட்டும் ரப்பர் பட்டையும் வரவழைத்துப் போட்டேன். வரியும் தபாலும் சேர்த்து அந்தப் பகுதிக்கு மட்டும் ₹3,900. முழுப் பம்பாக வாங்க நினைப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: இப்போது வரும் எஸ்யூ பம்புகளில் டயோடு பொருத்தியவை பாசிட்டிவ் எர்த், நெகட்டிவ் எர்த் என்று தனித்தனி வகை. மாற்றிப் போட்டால் டயோடு போய்விடும். பொருத்திய பின் கார்புரேட்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு அளந்தேன். அரை லிட்டர் 38 விநாடியில் வந்தது. குமிழி இல்லாமல் வந்தது என்பதுதான் எனக்கு முக்கியம், ஏனெனில் குமிழி வந்தால் டேங்குக்கும் பம்புக்கும் இடையில் காற்று புகுகிறது என்று பொருள்.

இதே நேரத்தில் எல்லா ரப்பர் பெட்ரோல் குழாய்களையும் மாற்றினேன். 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக வந்த பிறகு, பழைய ரப்பர் உள்ளிருந்து மென்மையாகி உதிர்வதை இந்தக் காரிலேயே பார்த்தேன். வடிகட்டியில் கறுப்புத் துகள் சேர்ந்திருந்தது. எத்தனாலைத் தாங்கும் ஜே30 ஆர்9 தரக் குழாய் கேட்டு வாங்க வேண்டும். இரண்டு மீட்டருக்கு ₹1,100. கடைக்காரர் சாதாரணக் குழாயை எடுத்துத் தந்தால் வாங்காதீர்கள். என்ஜினின் சூட்டுக்கு மேலே பெட்ரோல் ஒழுகுவது விளையாட்டுக் காரியம் அன்று.

மூன்றாவது கூட்டம்தான் என்னை அதிகம் சோதித்தது. செல்ஃப் சுற்றுகிறது, பம்ப் அடிக்கிறது, பெட்ரோல் வருகிறது. என்ஜின் பற்றவில்லை, டேக்கோமீட்டர் முள் பூஜ்யத்தில் கிடக்கிறது. இந்த வண்டியின் ஸ்மித்ஸ் டேக்கோமீட்டர் காயிலுக்குப் போகும் மின்சாரத் துடிப்பைக் கொண்டுதான் முள்ளை நகர்த்துகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது என்ஜின் இருமும் அதே நொடியில் முள் பூஜ்யத்துக்கு விழுந்தால், பிளக், பிளக் வயர், டிஸ்ட்ரிபியூட்டரின் ரோட்டார், மூடி ஆகியவற்றைச் சந்தேகிப்பதில் பயனில்லை. குறை காயிலுக்கு முந்தைய பக்கத்திலோ பாயிண்டிலோ இருக்கிறது. முள் நிலையாக இருந்து என்ஜின் மட்டும் இருமினால் மறுபக்கத்தைத் தேட வேண்டும். என் நோட்டில் முள் விழுந்த நாட்களே எல்லாம்.

காயிலின் முதன்மைச் சுற்று 3.2 ஓம், சரி. சாவிச் சுவிட்சிலிருந்து காயிலுக்கு வரும் வெள்ளை வயரில் இழப்பு இல்லை. பாயிண்ட் இடைவெளி ஃபீலர் கேஜில் 0.38 மில்லிமீட்டர், கையேடு சொல்வது 0.35 முதல் 0.40 வரை. மீதமிருந்தது டிஸ்ட்ரிபியூட்டரின் உட்புறம். 25டி4இல் பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் தகடு அசையக்கூடியது. கார்புரேட்டரிலிருந்து வரும் வெற்றிடக் குழாய் அதை இழுத்துத் திருப்பி, பற்றும் நேரத்தை முன்னால் நகர்த்துகிறது. அசையும் தகட்டுக்குள் மின்சாரம் கொண்டுவரச் சிறு வயர் ஒன்று, அந்தத் தகட்டை உடலோடு எர்த் செய்ய இன்னொரு சிறு வயர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் இரண்டும் மடங்கி மடங்கி விரிகின்றன.

மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாயிண்ட் தகட்டிலும் மறுமுனையை என்ஜின் உடலிலும் வைத்தேன்: 0.3 ஓம். குறை இல்லாததுபோல இருந்தது. பிறகு வெற்றிடக் குழாயைக் கார்புரேட்டரிலிருந்து உருவி, அதன் நுனியை வாயில் வைத்து உறிஞ்சினேன். தகடு மெல்லத் திரும்பியது, எண் 0.3, 0.4 என்று இருந்து ஓரிடத்தில் 60க்குத் தாவி, பிறகு இணைப்பே இல்லை என்று காட்டியது. மூச்சை விட்டதும் தகடு திரும்பி வந்தது. எண் சில நேரம் 0.3க்குத் திரும்பியது, சில நேரம் திரும்பவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் வண்டி திடீரென அணைவதும், அணைந்த வண்டி சில நாள் பற்றுவதும் சில நாள் பற்றாததும் அந்த எண்ணில் அப்படியே தெரிந்தன. வண்டி கடைசியாக அணைந்தபோது தகட்டின் எர்த் இணைப்பு எந்த நிலையில் வந்து நின்றதோ, மறுநாள் காலையில் பற்றுமா பற்றாதா என்பதை அதுவே தீர்மானித்திருக்கிறது.

எர்த் வயரைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தேன். ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் நீளம்; பழுப்பேறிய நூல் உறை. உறையில் ஒரு கீறலும் இல்லை. இரண்டு நுனியையும் பிடித்து மெதுவாக இழுத்தபோது நடுவில் உறை மட்டும் நீண்டது. பிளேடால் நூலைப் பிரித்தேன். தலைமுடியைவிட மெல்லிய செம்பிழைகள் எல்லாமே ஒரே இடத்தில் முறிந்து, நுனிகள் கறுத்து, ஒன்றையொன்று தொட்டும் தொடாமலும் நின்றன. புதிய பாயிண்ட், புதிய கண்டென்சர், புதிய காயில் என்று எத்தனை மாற்றினாலும் இந்த வயரை யாரும் தொடப் போவதில்லை. மாற்றும்போது கை பட்டு வயர் சற்றே நகர்வதால் சில நாட்கள் ஓடும், அவ்வளவுதான். பட்டறையில் செய்த வேலைக்குப் பிறகு வண்டி கொஞ்ச காலம் நன்றாக ஓடியதற்கு வேறு விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

மாற்றாக எந்த வயரைப் போடுவது என்பதில் அவசரப்படக் கூடாது. சாதாரண ஆட்டோ வயர் விறைப்பானது; தகட்டை அசைய விடாது, விரைவில் முறியும். மல்டிமீட்டரின் கைப்பிடி வயராக வரும் சிலிகான் உறையிட்ட வயர் மிக நுண்ணிய இழைகளைக் கொண்டது, நன்றாக வளையும். அதில் 7 சென்டிமீட்டர் வெட்டினேன், பழையதைவிடச் சற்று நீளமாக, தொய்வாக ஒரு வளைவு கிடைக்கும்படி. நுனியில் கண் பொருத்தும்போது ஈயம் வைக்காமல் கிரிம்ப் மட்டும் செய்தேன்; ஈயம் இழைகளுக்குள் ஏறினால் அந்த எல்லையில் வயர் விறைத்து, மறுபடி அங்கேயே முறியும். மின்சாரம் கொண்டுவரும் வயரையும் சேர்த்தே மாற்றினேன். பாயிண்ட்டின் ஸ்பிரிங், வயர் முனைகள் இரண்டும் நைலான் புஷ்ஷுக்கு எந்தப் பக்கம் உட்கார்கின்றன என்பதைக் கழற்றும் முன் போனில் படமெடுத்துக்கொள்வது நல்லது. வரிசை மாறினால் பாயிண்ட் நிரந்தரமாக எர்த் ஆகிவிடும். இந்தப் பகுதியின் மொத்தச் செலவு ₹90. மறுபடி உறிஞ்சிப் பார்த்தேன். தகடு எவ்வளவு திரும்பினாலும் எண் 0.2ஐ விட்டு அசையவில்லை. பிறகு பொறி விழும் நிலை நேரத்தைக் கையேட்டின்படி, பிஸ்டன் மேல் உச்சிக்கு வருவதற்கு 10 டிகிரி முன்னால் வைத்தேன்.

ஸ்டார்ட்டிங் தொல்லை அத்தோடு தீர்ந்தது. ஸ்லோ மட்டும் இன்னும் சீராகவில்லை. நான்கு சிலிண்டரின் கம்ப்ரெஷன் 145க்கும் 152 பிஎஸ்ஐக்கும் இடையில் இருந்ததால் என்ஜினின் உள்ளே குறை இல்லை என்று எடுத்துக்கொண்டு, காற்று எங்கே புகுகிறது என்று தேடினேன். எளிதில் தீப்பற்றும் ஸ்பிரேயைச் சூடான எக்ஸ்ஹாஸ்ட்டின் மேல் அடிக்க எனக்கு மனமில்லை. அதற்குப் பதில் தையல் மெஷின் எண்ணெய்க் குப்பியில் என்ஜின் ஆயிலை ஊற்றி, ஸ்லோவில் ஓடும்போது சந்தேகப்பட்ட இடங்களில் ஒவ்வொரு சொட்டாக விட்டேன். கார்புரேட்டரை என்ஜினோடு இணைக்கும் மேனிஃபோல்டின் பேக்கிங்கில் விட்டபோது மாற்றமில்லை. முன் கார்புரேட்டரில், காற்றைக் கட்டுப்படுத்தும் தகட்டைத் தாங்கும் த்ராட்டில் தண்டு உடலை விட்டு வெளியே வரும் இடத்தில் ஒரு சொட்டு விட்டதும், எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டது. ஏறி இறங்கிக்கொண்டிருந்த சத்தம் நான்கைந்து விநாடி ஒரே கோடாக நின்றது. எண்ணெய் போனதும் மறுபடி ஏற்ற இறக்கம். பின் கார்புரேட்டரிலும் அதுவே, கொஞ்சம் குறைவாக.

எச்எஸ்4இன் த்ராட்டில் தண்டு 5/16 அங்குலம், அதாவது 7.94 மில்லிமீட்டர். கழற்றி மைக்ரோமீட்டரில் அளந்தால், தேய்ந்த இடத்தில் முன் கார்புரேட்டரின் தண்டு 7.79. உடலின் துளையும் நீள்வட்டமாகி அகன்ற பக்கம் 8.1 இருந்தது. தண்டு மட்டும் மாற்றினால் பாதி வேலைதான் ஆகும். துளைக்கு புஷ், அதாவது உள்வளையம், போட்டே ஆக வேண்டும். கோட்டாறில் ஒரு லேத் பட்டறையில் இரண்டு உடல்களையும் கொடுத்தேன். துளையை 9.5 மில்லிமீட்டராக்கி, வெண்கல புஷ் அடித்து, துளையைத் துல்லியமாக்கும் 5/16 ரீமரை ஒரு பக்கத்திலிருந்து நுழைத்து மறுபக்கம் வரை ஒரே ஓட்டமாக விட வேண்டும் என்பதை மட்டும் வற்புறுத்தினேன். இரண்டு பக்கமும் தனித்தனியே ரீமர் விட்டால் துளைகள் நேர்கோட்டில் அமையாது, தண்டு இறுகிவிடும். கடைசல்காரர் இதைக் கேட்டதும், இரண்டு உடலையும் பிடிக்கச் சிறிய தாங்கி ஒன்றை முதலில் செய்துகொண்டு பிறகுதான் வேலையில் கைவைத்தார். அந்தப் பொறுமைக்கு ₹2,200 என்பது குறைவான கூலி. தண்டுகள், வட்டத் தகடுகள், திருகுகள், பேக்கிங்குகள் அடங்கிய பெட்டி இறக்குமதி, வரியோடு ₹9,400.

சேர்க்கும்போது கவனிக்க வேண்டியவை இரண்டு. த்ராட்டில் தகட்டின் விளிம்பு சாய்வாகக் கடையப்பட்டது. ஒரே திசையில்தான் முழுவதும் மூடும். திருகுகளை இறுக்கும் முன் தகட்டைத் தானாக மையம் கொள்ள விட்டு, விளக்கைப் பின்னால் பிடித்துச் சுற்றிலும் ஒளி சீராகக் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். திருகுகளின் நுனி பிளவுபட்டிருக்கும்; இறுக்கிய பின் அதை விரித்துவிடாவிட்டால், என்றாவது கழன்று நேராகச் சிலிண்டருக்குள் விழும். விரிக்கும்போது தண்டுக்குக் கீழே மரக்கட்டை முட்டுக் கொடுத்தேன், தண்டு வளைந்துவிடாமல் இருக்க.

டியூனிங்குக்கு வாங்கிய கருவி ஏதும் இல்லை. ஒரு மீட்டர் ரப்பர் குழாய் போதும். ஒரு நுனியைக் காதிலும் மறுநுனியைக் கார்புரேட்டரின் வாயிலும் வைத்தால் காற்று சீறும் ஓசை கேட்கும்; இரண்டிலும் ஓசை சமமாகும்வரை ஸ்லோ திருகுகளைச் சரிசெய்தேன். கலவைக்கு, பெட்ரோல் வரும் ஜெட்டின் அறுமுக மரையை மேலிருந்து இரண்டு முழுச் சுற்று, அதாவது 12 முகங்கள் இறக்குவதுதான் வழக்கமான தொடக்கம். எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்சிஜன் சேர்ந்தே வருவதால் அந்த அளவில் கலவை மெலிவாக இருந்தது; கார்புரேட்டருக்குள் இருக்கும் பிஸ்டனை ஒரு மில்லிமீட்டர் அளவுக்குத் தூக்கினால் என்ஜின் உடனே அணையப் பார்த்தது. முன்னதில் 15, பின்னதில் 14 முகங்கள் என்று வந்தபோதுதான், தூக்கியதும் சுற்று சற்றே ஏறிப் பிறகு நிலைத்தது. நாகர்கோவிலுக்குப் போய்த் திரும்பிப் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் நான்கும் வெளிர் காப்பிநிறம்.

மீண்டும் செய்வதானால் வரிசையை மாற்றுவேன். நோட்டு முதலில், அடுத்து எர்த் இழப்பு, அதன்பின் டிஸ்ட்ரிபியூட்டர் வயர். இந்த மூன்றும் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிபவை, நின்றுபோன நாட்களில் பெரும்பகுதி இவற்றுக்குள்தான் அடங்கியது. பம்பின் ரப்பர் பட்டையை ஒவ்வொரு மே மாதமும், தென்மேற்கு மழைக்கு முன்னால் மாற்றுவதாகவும் வைத்திருக்கிறேன். என்ஜின் எர்த்துக்கு இரண்டாவது பட்டை ஒன்றை மறுபக்கத்தில் போட்டுவிட்டேன். கடலோரத்தில் ஒரே ஓர் இணைப்பை நம்பி இருப்பது எனக்குச் சரியாகப்படவில்லை.

மிச்சமிருப்பது ஒன்று. நண்பகல் வெயிலில் ஓட்டி வந்து கால் மணி நேரம் நிறுத்திவிட்டுத் திருப்பினால், பற்றுவதற்குப் பத்து விநாடி வரை செல்ஃப் அடிக்க வேண்டியிருக்கிறது. பம்ப் அடிக்கிறது, டேக்கோமீட்டர் முள் அசைகிறது. எனவே மேலே சொன்ன எதுவும் அன்று. கிண்ண மூடியைத் திறந்து பார்த்தபோது பெட்ரோல் கொதித்துக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. எக்ஸ்ஹாஸ்ட்டுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் உள்ள வெப்பத் தடுப்புத் தகட்டின் கல்நார்ப் பூச்சு முழுவதும் உதிர்ந்து வெறும் தகரமாக நிற்கிறது. அதற்குப் பதிலாகக் கல்நார் இல்லாத பீங்கான் நாரும் அலுமினியத் தாளும் ஒட்டிய விரிப்பை வெட்டிப் பொருத்த அளவெடுத்து வைத்திருக்கிறேன். பொருத்துவதற்கு முன்னும் பின்னும் கிண்ணத்தின் வெப்பத்தை அளந்து அந்த எண்களையும் இங்கே சேர்ப்பேன்.